நிறைந்தால் இறங்கும் செங்கல்

அரசாங்கத்துக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டுமென்றால் அதை முதலில் ஒரு குழு கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் அது ஊரறிய நட்டநடுத் தெருவில் நின்றாலும் இல்லாததுதான். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. பதினாறு வருடமாக ஊராட்சிச் செயலாளராக இருக்கிறேன். குழுக்களுக்குத் தீர்மானம் எழுதி எழுதியே விரல் காய்த்துப் போன ஆள். எந்த ஒன்றியம் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் பதினொரு வருட சர்வீஸ் இருக்கிறது.

ஊர் வேலாங்குளப்பட்டி. கந்தர்வக்கோட்டையில் பஸ் ஏறினால், முந்திரிக்காடு முடிகிற இடத்தில் எங்கள் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி தெரியும். முப்பதாயிரம் லிட்டர். அதற்கு ஆபரேட்டர் செவந்தி அக்கா. மோட்டார் போடுவது, நிறுத்துவது, வால்வு திறப்பது, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லையோ அந்தத் தெருவிடம் வசவு வாங்குவது எல்லாம் அக்காவின் வேலை. இதுபோக நாற்பத்தெட்டுப் படி இரும்பு ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் வேண்டும்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. போன வைகாசியில் வலது முழங்கால் வீங்கி மண்டபத்துத் தூண் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் மாடிப்படிகூட ஏறக் கூடாது என்றார்.

“எங்க வீட்டுல மாடி இல்லீங்க டாக்டர். தொட்டிதான் இருக்கு” என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

விஷயம் எங்கள் உதவிப் பொறியாளர் விஸ்வநாதன் காதுக்குப் போனது. எல்லோரும் அவரை ஏஇ சார் என்போம். அவர் நல்ல மனிதர்தான், கோப்பில் இல்லாத எதையும் நம்ப மாட்டார், அவ்வளவுதான். “ஏற முடியலேன்னா எழுதிக் குடுத்துட்டு நின்னுக்கம்மா. வேற ஆளப் போட்டுக்கிர்றோம்” என்றார். அக்காவின் மகள் இலக்கியா நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அக்காவின் வேலை போனால் அந்தப் படிப்பும் போயிற்று. இதை ஏஇ சாரிடம் சொன்னேன். அது வேறு துறை என்றார்.

அக்கா சும்மா உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றை எடுத்து, அதில் பாதிக்கு ஆற்று மணலைப் போட்டு இறுக மூடினார். நைலான் கயிற்றின் ஒரு முனையில் கேனையும் மறுமுனையில் அரைச் செங்கலையும் கட்டினார். தொட்டி விளிம்பில் ஒரு பழைய கிணற்று உருளையை மாட்டச் சொல்லி, கேனைத் தொட்டிக்குள்ளும் செங்கலை வெளியிலுமாகத் தொங்கவிட்டார். தண்ணீர் ஏறினால் கேன் மிதந்து மேலே வரும், வெளியே செங்கல் கீழே இறங்கும். தண்ணீர் குறைந்தால் செங்கல் மேலே ஏறும். முதல் நாள் மணல் போட மறந்து, செங்கல் கேனையே வெளியே இழுத்துப் போட்டுவிட்டதாம். “அதுக்கென்ன, அதுக்கும் புத்தி வரணும்ல” என்று சொல்லிக்கொண்டே மணலை அள்ளிப் போட்டாராம்.

இரண்டே நாளில் ஊருக்கு அது பழகிவிட்டது. பெண்கள் வாசலில் நின்றபடியே நிமிர்ந்து பார்த்து, “கல்லு மேல போகுதுடி, சட்டுனு ரெண்டு கொடம் புடிச்சு வையி” என்பார்கள். ஆனால் ரிஜிஸ்டரில் ‘நேரில் ஏறிப் பார்க்கப்பட்டது’ என்று எழுதினால்தான் செல்லும். ஏஇ சார் வந்து பார்த்தார். “செங்கல்லுக்கு ஜீ.ஓ. இருக்கா?” என்று கேட்டார். இல்லை. ஆகவே அக்கா முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறினார்.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. ‘குறைந்த செலவில் வீட்டிலேயே தயாரிக்கப்பட்ட நீர்மட்ட உணர்வியைத் தேர்வு செய்தல்’. தேர்வாகும் உணர்வியைப் பொருத்திய தொட்டியில் ஆபரேட்டர் ஏற வேண்டியதில்லை. படித்ததும் எனக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. அக்காவை உட்காரவைத்து விண்ணப்பத்தை நிரப்பினேன். ஒன்பது பக்கம். கருவியின் பெயர் என்ற இடத்தில் ‘செங்கல்’ என்றேன். ‘மின்சாரம் தடைபட்டால் கருவி என்ன செய்யும்?’ என்று ஒரு கேள்வி.

“தொங்கும்” என்றார் அக்கா. அப்படியே எழுதினேன்.

தேர்வுக் குழுவுக்குத் தலைவர் ஏஇ சாரேதான். ஐந்து பேர் குழு, ஒன்றிய அலுவலகத்து மாடியில் கூட்டம். மாவட்டம் முழுக்க அழைப்பு விட்டும் வந்தது மூன்றே பேர். விராலிமலைப் பக்கமிருந்து அரவிந்த்குமார் என்ற இன்ஜினியரிங் மாணவன். திருமயம் பக்கத்து ஊரிலிருந்து, சென்னையில் பாங்கி வேலை பார்த்து ஓய்வுபெற்ற சொக்கநாதன் செட்டியார். அப்புறம் எங்கள் செவந்தி அக்கா, மஞ்சள் பையில் மாற்றுச் செங்கலோடு.

ஏஇ சார் தலைமையுரை ஆற்றினார். “இந்தக் காலகட்டத்தில் ஒரு சொட்டு நீரைக்கூட நாம் வீணாக்கக் கூடாது” என்று ஆரம்பித்தார். அப்போது ஜன்னலுக்கு வெளியே சளசளவென்று சத்தம் கேட்டது. அலுவலகத்துத் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அக்காவுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் உட்கார முடியாது.

“சார், தண்ணி வழியுதுங்க.”

“குறுக்க பேசக் கூடாதும்மா. குழு நடக்குது” என்றார் ஏஇ சார். ஒரு உறுப்பினர் எழுந்து போய், சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினார். உரை இன்னும் அரை மணி நேரம் நடந்தது. சொட்டு சொட்டாகச் சேமிப்பது எப்படி என்று அதில் ஆறு வழி சொன்னார். அக்கா பொறுக்கமாட்டாமல் விந்தி விந்திக் கீழே இறங்கிப் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். வந்ததும் கையில் ஒரு மெமோ கொடுத்தார்கள், அனுமதி பெறாமல் அரசு சுவிட்சை இயக்கியதற்கு. நான் தீர்மானத்தில் ‘கூட்டத்தின்போது இதமான குளிர்ச்சி நிலவியது’ என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு சோதனை. ஒரு காலி டிரம்மை நடுவில் வைத்தார்கள். அரவிந்த்குமாரின் கருவி ஒலியை அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்து மட்டத்தைச் செல்போனில் காட்டும். அவன் டிரம்மின் வாயில் அதைப் பொருத்தினான். ‘காலி’ என்று காட்டியது. சரிதான். ஏஇ சார் எட்டிப் பார்க்கத் தலையை உள்ளே விட்டார். ‘தொண்ணூறு சதவீதம்’ என்று காட்டியது. தலையை எடுத்தார். ‘காலி’. மறுபடி விட்டார். ‘தொண்ணூறு’.

“அதிகாரி எட்டிப் பார்த்தா நெறயுது” என்றார் ஏஇ சார், உண்மையான மகிழ்ச்சியோடு. “அருமையான கருவி. தம்பி, இத எங்க செஞ்சீங்க?”

“காலேஜ் ஹாஸ்டல்ல சார்.”

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. “சுற்றறிக்கையில வீட்டுலன்னுதான் இருக்கு. ஹாஸ்டல் வீடாகாதே.”

“நான் அங்கதான் சார் நாலு வருசமா இருக்கேன். இட்லியே அங்கதான் தின்னுறேன்.”

“அது இட்லிக்குப் பொருந்தும். உணர்விக்குப் பொருந்தாது” என்று முடித்துவிட்டார்கள்.

அடுத்து செட்டியார். ஒரு குழாய்க்குள் நாலு செம்புக் கம்பி, நாலு சின்ன பல்பு. தண்ணீர் ஒவ்வொரு கம்பியைத் தொடும்போதும் ஒரு பல்பு எரியும். டிரம்மில் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எரிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. குழு சங்கடத்தோடு நெளிந்தது. பிறகு ஒரு உறுப்பினருக்கு வழி கிடைத்துவிட்டது. “வீட்டு வரி ரசீது?”

செட்டியார் நீட்டினார். உறுப்பினர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “யாருங்க இந்தப் பேரு?”

“எங்க ஐயாவோட ஐயா. பூர்வீக வீடு.”

“அவரு வந்து ஒரு கையெழுத்துப் போடட்டும்.”

“அவக தவறி எழுவது வருசம் ஆச்சு சார்.”

“அப்ப இப்ப யாரு ஓனரு?”

“பங்காளிக பதினேழு புள்ளி, பதினேழு குடும்பம். ஒருத்தர் மலேசியா, ரெண்டு பேரு அமெரிக்கா, மத்தவக எங்கிட்டெங்கிட்டோ.”

“நல்லதாப் போச்சு. பதினேழு பேரும், இந்தக் கருவி இந்த வீட்டுலதான் செய்யப்பட்டதுன்னு ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க.”

செட்டியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “சார், பதினேழு பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போடுறதா இருந்தா நாங்க அந்த வீட்டுக்கு வெள்ளை அடிச்சிருப்போமே.” பல்புகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

மிச்சம் அக்கா. வீட்டு வரி ரசீது அக்கா பேரிலேயே இருந்தது. “எங்கிட்டு வச்சும்மா செஞ்ச?” என்றார் ஏஇ சார்.

“மோட்டார் ரூமு...” என்று அக்கா வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். “ஆத்தாடி!” என்றார். “வீட்டுலதான் சார் செஞ்சாங்க” என்று நான் முந்திக்கொண்டேன். அந்த மாடியில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், தீர்மானத்தில் எழுதியவற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

அப்படியாக வேறு ஆள் இல்லாத காரணத்தால் செங்கல் தேர்வானது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் அது குழுவா?

“ஒரு சின்னத் திருத்தம்” என்றார் ஏஇ சார். “தொட்டி நெறஞ்சா கல்லு கீழ எறங்குதுன்னு எழுதியிருக்கு. அது எப்டிம்மா? நெறயிறதுன்னா மேல போகணும். கொறயிறதுன்னா கீழ வரணும். சின்னப் புள்ளைக்குத் தெரியும்.”

“உள்ள கேனு மேல வருதுல்ல சார், அதுனால வெளிய கல்லு எறங்குது. கெணத்துல ஒரு வாளி ஏறுனா மறு வாளி எறங்குமே, அதே மாதிரிதான்.”

“பொதுமக்கள் உள்ளயா பாக்குறாங்க? வெளியதான பாக்குறாங்க. நானும் இருவத்திமூணு வருசமா ரிப்போர்ட் அனுப்புறேன். முன்னேற்றம் கீழ்முகமா வந்த ஒரு கிராஃப நீ காட்டு பாப்போம்.”

அக்காவால் காட்ட முடியவில்லை. ஆகவே செங்கலுக்குப் பின்னால் மாட்டுகிற பலகையில் மேலே ‘நிறைவு’ என்றும் கீழே ‘காலி’ என்றும் எழுத வேண்டும் என்று தீர்மானம் ஆனது. சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

“நான் பாத்துச் சொல்லிருவேன் சார்” என்றார் அக்கா.

ஏஇ சார் சிரித்தார். “நீ சொன்னா அது பேச்சு. நான் சொன்னாத்தாம்மா அது நீர்மட்டம். எழுதுங்க வசந்தகுமார். ‘சந்தேகம் எழும் நேர்வில் தொட்டியின் மேல் ஏறி நேரில் கண்டு சான்றளிக்கும் தகுதி உதவிப் பொறியாளர் ஒருவருக்கே உண்டு.’ ஒருவருக்கேங்குறத அடிக்கோடு போடுங்க.” அடிக்கோடு போட்டேன்.

பஸ்ஸில் வரும்போது அக்கா கேட்டார். “ஏந் தம்பி, பலகைய மாத்தி எழுதுனா கல்லு கேக்குமா?”

“கல்லு கேக்காதுக்கா. ரிஜிஸ்டர் கேக்கும்” என்றேன். வேறென்ன சொல்ல?

திறப்பு விழா ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. பந்தல் போட்டு, கீரமங்கலத்திலிருந்து பூ வரவழைத்து, ஏணிக்குக்கூட மாலை போட்டிருந்தோம். மாவட்ட அளவில் பெரிய அதிகாரியான சுபா மேடம் வருகிறார்கள். அன்று அவர்கள் கையெழுத்துப் போட்டால் அக்கா இனி ஏற வேண்டாம். போடாவிட்டால் திங்கட்கிழமை வேறு ஆள். அக்கா விடிகாலையிலேயே தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பி வைத்திருந்தார்.

எட்டு மணிக்கு ஏஇ சார் ஜீப்பில் வந்து இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். செங்கல் அடியில், ‘காலி’ என்ற எழுத்துக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“என்னம்மா இது! இன்னைக்குப் போயி தொட்டிய நெரப்பாம வச்சிருக்க?”

“நெறஞ்சிருக்கு சார். இதுக்கு மேல ஒரு செம்பு கொள்ளாது.”

“பலகை காலின்னு காட்டுது. போடு மோட்டார.”

போட்டார். தொட்டி வழிந்து பந்தல் நனைந்தது. செங்கல் அசையவில்லை. ஏஇ சார் நனைந்துகொண்டே பலகையைப் பார்த்தார். அவருக்கு அந்த நேரத்தில் உண்மை புரியாமல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். என்னைத் தனியே கூப்பிட்டு, “வசந்தகுமார், பலகையும் மினிட்ஸும் ஒத்துப் போகணும். தண்ணிய யாரு ஆடிட் பண்ணப் போறா?” என்றார். பிறகு அடி வால்வைத் திறக்கச் சொன்னார்.

முப்பதாயிரம் லிட்டரும் வாய்க்கால் வழியே ஓடியது. மாடுகள் குடித்தன, வாத்துகள் இறங்கின. தண்ணீர் ஓட ஓடச் செங்கல் மேலே ஏறியது. “பாத்தியா, இப்பத்தான் நெறயுது” என்றார் ஏஇ சார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு மணிக்குச் செங்கல் ‘நிறைவு’ என்ற எழுத்தைத் தொட்டது. தொட்டியில் ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. அந்த நிமிஷம் பார்த்து மேடத்தின் கார் வந்தது.

மேடம் ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினோம். “நூறு சதவீத நிறைவு” என்று ஏஇ சார் பலகையைக் காட்டினார். மேடம் கோப்பை வாங்கிப் பேனாவைத் திறக்கும்போது, கிழக்குத் தெரு வனிதா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

“நெறஞ்சிருக்குங்குறீங்க, குழாயில காத்துதாங்க வருது. சோறு வடிக்கல இன்னும்.”

மேடம் பேனாவை மூடினார்கள். “என்ன விஸ்வநாதன் இது? யாராவது ஏறிப் பாருங்க. ஆபரேட்டர் எங்க?”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஏணியின் முதல் படியில் கை வைத்தார். எனக்கு வந்ததே கோபம்! பதினாறு வருடத்தில் முதல் தடவையாக யாரும் கேட்காமல் வாயைத் திறந்தேன்.

“மேடம், ஆபரேட்டர் ஏறக் கூடாதுங்க. தீர்மானத்துல இருக்கு.” கோப்பைப் பிரித்து வாசித்தேன். ‘தகுதி உதவிப் பொறியாளர் ஒருவருக்கே உண்டு.’ “அடிக்கோடு வேற போட்டிருக்குங்க.”

மேடம் கோப்பைப் பார்த்தார்கள். “உங்க கையெழுத்துதான இது, விஸ்வநாதன்? அப்ப ஏறுங்க.”

மாலை போட்ட ஏணியில் ஏஇ சார் பளபள ஷூவோடு ஏறினார். பத்துப் படி வேகமாக. இருபதில் நின்றார். முப்பதில் ‘முருகா’ என்றார். ஒருவழியாக உச்சிக்குப் போய், மூடியைத் திறந்து, உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். ஊரே அண்ணாந்து நின்றது.

“நிறைவா இருக்கு மேடம்!” என்று குரல் வந்தது.

அப்புறம் இறங்கத் திரும்பினார். கீழே பார்த்துவிட்டார். பார்த்ததும் அப்படியே தொட்டி மேல் உட்கார்ந்து இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். இறங்க வரவில்லை. புதுக்கோட்டை வெயில் ஆவணியிலும் ஆளைப் பார்த்து அடிக்காது. கால் மணி நேரம் பொறுத்தார். பிறகு பரிதாபமாக ஒரு சத்தம்.

“தண்ணி... ஒரு வாய் தண்ணி குடுங்கப்பா!”

மேடம் கையை வாயருகே குவித்துக்கொண்டு கேட்டார்கள். “தொட்டி நிறைவா இருக்குன்னீங்களே, விஸ்வநாதன்?”

வனிதாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் பந்தலே சிரித்தது. யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை அக்கா கையில் திணித்து, பழக்கப்பட்ட ஆள் நீங்கதான், ஏறிக் குடுத்துட்டு வந்துருங்க என்றார். அக்கா பாட்டிலை மேஜையில் வைத்தார்.

“எனக்கு ஏணி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சாருக்குத் தண்ணிதான வேணும்? அனுப்புறேன்” என்று மோட்டார் ரூமுக்குள் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

குழாய் உறுமியது. “வருது, வருது!” என்று ஏஇ சார் மூடிக்குள் கையை விட்டு, விழுகிற தண்ணீரை ஏந்தி ஏந்திக் குடித்தார், முகத்தில் அடித்துக்கொண்டார். மேடம் அவரைப் பார்க்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் ‘நிறைவு’ என்ற எழுத்தை விட்டு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“தண்ணி ஏறுனா கல்லு எறங்குமா?”

“ஆமாங்க மேடம்” என்றார் அக்கா. “இந்த ஊருல எல்லாத்துக்கும் தெரியும்.”

“அப்ப இத யாரு இப்டித் தலைகீழா எழுதச் சொன்னது?”

“மேலேருந்து வந்த உத்தரவுங்க” என்று நான் சொன்னேன். எல்லோரும் மேலே பார்த்தோம்.

மேடம் அங்கேயே நின்றபடி கோப்பில் எழுதினார்கள். பலகையை மாற்றி எழுத வேண்டும், செங்கல் செல்லும், ஆபரேட்டர் இனி ஏற வேண்டியதில்லை. கையெழுத்து, தேதி. அக்கா அந்தத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முந்திரிக்காட்டில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் வந்து, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக ஏஇ சாரைப் படிப்படியாக இறக்கினார்கள். மோட்டார் ரூம் வாசலில் உட்காரவைத்தார்கள். நனைந்த சட்டையோடு ஏணியை அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவை பார்த்தார்.

“ஏம்மா செவந்தி, இதுலயா நீ தெனமும் மூணு தடவ ஏறி எறங்குன?”

“நாலு தடவ சார்” என்றார் அக்கா. “நீங்க ரிஜிஸ்டர்ல மூணு கட்டந்தான் போட்டுக் குடுத்திருந்தீங்க.”